ஜிம் ட்ரெய்னர் சொல்ற வார்த்தையும் 70 மார்க் காசும்

ஜிம்ல சேர்ந்த முதல் வாரமே ட்ரெய்னர் நம்மளை ஏற இறங்க பார்த்துட்டு ஒரு தீர்ப்பு சொல்லுவார். ஒல்லியா இருந்தா எக்டோமார்ஃப், பூசின உடம்புன்னா எண்டோமார்ஃப், கட்டுமஸ்தா இருந்தா மீஸோமார்ஃப். இப்படி உடம்பை மூணாப் பிரிச்சு பிரபலமாக்கியவர் வில்லியம் ஹெர்பர்ட் ஷெல்டன்கிற அமெரிக்க உளவியலாளர். ஆனா, பழைய நாணயம் சேர்க்கிறவங்ககிட்ட இந்தப் பேரைச் சொன்னா உடம்பைப் பத்தி பேச மாட்டாங்க. 70 மார்க் ஸ்கேலைப் பத்திப் பேசுவாங்க. ரெண்டும் ஒரே ஆள்தான்!

1898-ல் ரோட் ஐலண்டின் வார்விக்கில் பிறந்தவர் ஷெல்டன். அப்பா விலங்குகளை வளர்த்து இனவிருத்தி செய்தவர். எதையும் பார்த்ததுமே தரம் பிரிக்கிற புத்தி அங்கிருந்தே ஒட்டிக்கிட்டதோ என்னவோ. உளவியலும் மருத்துவமும் படித்தார். 4,000 கல்லூரி மாணவர்களின் நிர்வாணப் படங்களை வைத்து ஆராய்ந்து, 1940-ல் புத்தகம் போட்டார். ஒவ்வொரு உடம்புக்கும் மூணு எண், ஒவ்வொண்ணும் 1 முதல் 7 வரை. இந்த எண் சாகும்வரை மாறாது, குணமும் குற்றம் செய்யும் புத்தியும்கூட உடம்பிலேயே எழுதியிருக்குன்னு நம்பினார். இன்னைக்கு எந்த ஆய்வாளரும் அதை ஏத்துக்க மாட்டார்.

இன்னொரு பக்கம் அவருக்குச் செப்புக் காசுப் பைத்தியம். 1793 முதல் 1814 வரை அமெரிக்கா அச்சடித்த பெரிய ஒரு சென்ட் காசுகள். அச்சுகளைக் கையால் செதுக்கிய காலம் என்பதால், ஒரே வருஷத்துக் காசிலேயே பல வகை இருக்கும். 1949-ல் அத்தனையையும் வகைப்படுத்தி, எண் கொடுத்து புத்தகமாக்கினார். அதுலதான் வந்தது 70 மார்க் ஸ்கேல். என்ன காசுன்னு அடையாளம் மட்டும் தெரியுற அளவுக்குத் தேய்ந்திருந்தா 1. அச்சிலிருந்து விழுந்தபடியே குறையில்லாம இருந்தா 70. மார்க்தான் விலையும்: தேய்ந்த காசு ஒரு டாலர்னா, அப்பழுக்கில்லாத அதே காசு 70 டாலர்.

கணக்கு அழகா இருக்கு. ஆனா சில வருஷத்துலயே சந்தை அதை உடைச்சிருச்சு. நல்ல காசுகளின் விலை 70 மடங்கைத் தாண்டி எகிறியது. விலைக் கணக்கு செத்தாலும் எண்கள் மட்டும் பிழைச்சுக்கிச்சு. 1970-களின் கடைசியில் அமெரிக்க நாணயவியல் சங்கம் எல்லா காசுகளுக்கும் அதே ஸ்கேலை எடுத்துக்கிட்டது. ஷெல்டன் 1977-ல் இறந்தார்.

அதுக்கப்புறம்தான் கூத்தே. புழக்கத்துக்கே வராத காசுக்கு அவர் வைத்தது 60, 65, 70 என மூணே படி. இன்னைக்கு 60 முதல் 70 வரை 11 படி! 1986-ல் பி.சி.ஜி.எஸ், 1987-ல் என்.ஜி.சி எனக் கம்பெனிகள் வந்து, காசுக்கு மார்க் போட்டு பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்தன. ஆனா மார்க் போடுறது மனுஷக் கண்தானே? ஒரு காலத்தில் லேசா உரசல் இருக்குன்னு 58 வாங்கின காசு, பின்னாடி 62 வாங்கும். இதைப் புரிஞ்சுக்கிட்ட வியாபாரிகள் பெட்டியை உடைச்சு, அதே காசைத் திரும்ப அனுப்பினாங்க. ஒரு மார்க் கூடினாலே, அரிய காசுன்னா விலை பல மடங்கு ஏறிடும். கடைசியில், போட்ட மார்க் சரியான்னு பார்த்து பச்சை ஸ்டிக்கர் ஒட்ட 2007-ல் இன்னொரு கம்பெனியே வந்தது. மறுகூட்டல் மாதிரின்னு வைங்க.

உடம்பு எண்ணும் நிலைக்கலை. அவர்கூட வேலை பார்த்த பார்பரா ஹனிமன் ஹீத், வயசும் உணவும் மாறினா எண்ணும் மாறும்னு சொல்லிப் பிரிந்தார். 1967-ல் கார்ட்டரோடு சேர்ந்து ஸ்கேலையே திருத்தி எழுதினார். விளையாட்டு வீரர்களை ஆராயும்போது இப்போ பயன்படுறது பெரும்பாலும் அந்தத் திருத்தம்தான்.

தரத்தை அளக்கக் கத்துக்கொடுத்தவர், அதை நேர்மையா அளந்தாரா என்பது தனிக்கதை. ஆராய்ச்சிக்காக அமெரிக்கன் நியூமிஸ்மாட்டிக் சொசைட்டியின் காசுப் பெட்டிகளைத் திறக்க அவருக்கு அனுமதி இருந்தது. அங்கிருந்த நல்ல காசை எடுத்துக்கிட்டு, அதே வகையில் தன்கிட்ட இருந்த சுமாரான காசை அங்கே வெச்சிருக்கார். ஒண்ணு ரெண்டு இல்லை, நூறுக்கும் மேல்! எண்ணிக்கை குறையாததால் அவர் சாகும்வரை சொசைட்டிக்குத் தெரியவே இல்லை. பழைய புகைப்படங்களோடு காசின் கீறல்களை ஒப்பிட்டபோதுதான் குட்டு உடைந்தது. அவரிடமிருந்து வாங்கியவரோடு சொசைட்டி வழக்காடி, 1990-களில் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் ஜெயித்தது.

அந்தக் காசுகளை இன்னைக்கும் வகைப்படுத்துறது ‘எஸ்’ என்று தொடங்கும் எண்களால்தான். எஸ்-னா ஷெல்டன்.