அடகுக் கடைக்கு எதிரே ஒரு வங்கி: ரி.பி. இலங்கரத்னவின் கதை

அம்பாறைக் கரையோர ஊர்களில் தங்கத்துக்கும் ஒரு போகக் கணக்கு உண்டு. ஐப்பசி பிறந்து பெரும்போக விதைப்பு நெருங்கினால் காப்பும் மாலையும் வீட்டை விட்டு வெளியே போகும். உழவு இயந்திரக் கூலி, விதைநெல், பசளை எல்லாவற்றுக்கும் அதுதான் முதல். அறுவடை முடிந்து நெல் விலைப்பட்டால் திரும்பி வரும். வெள்ளம் வந்து வயலை மூடிவிட்டால் வராது. நிந்தவூரிலும் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் அந்த மாதங்களில் வங்கிகளின் அடகுப் பிரிவில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருக்கும் பெண்களைப் பார்க்கலாம்.

அரசாங்க வங்கி ஒன்று நகையை வாங்கி வைத்துக்கொண்டு காசு தருவது எங்களுக்கு இப்போது மிகச் சாதாரணமான விடயம். ஆனால் அது வெகுகாலமாக இருந்துவந்த வழக்கம் அல்ல. ஏறத்தாழ அறுபது வருட வயதுதான் அதற்கு. அதைச் சாத்தியமாக்கிய மக்கள் வங்கியின் பின்னால் இருந்தவர் வேலையிழந்த ஒரு இலிகிதர், நாவலாசிரியர், கண்டிச் சிங்களவர். பெயர் ரி.பி. இலங்கரத்ன.

தமிழ் பேசும் மூத்தவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் 1970 முதல் 1977 வரையான காலம்தான் நினைவுக்கு வரும். அப்போது அவர் வர்த்தக அமைச்சர். பாணுக்கு விடியற்காலையில் வரிசை, சீனிக்குக் கூப்பன், வீதிகளில் தடை போட்டு அரிசி தேடும் பொலிஸ். நெல் விளையும் எங்கள் பக்கத்திலிருந்து பிற மாவட்டத்துச் சொந்தக்காரருக்கு ஒரு சிறு மூட்டை அரிசி கொண்டுபோவதே குற்றமாக இருந்தது. அதே இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து வெங்காயச் செய்கையாளரும் மிளகாய்ச் செய்கையாளரும் கல்வீடு கட்டினார்கள். அந்தக் காலத்தைப் பற்றி ஏசுபவரும் உண்டு, ஏங்குபவரும் உண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 1970 க்கு முன்னர் இந்த மனிதர் செய்தவை பற்றித் தமிழில் அதிகம் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

1913 இல் கண்டிப் பகுதியிலுள்ள ஹத்தரலியத்தவில் பிறந்தார். ஆங்கிலம் படித்து, அரசாங்க இலிகிதர் சேவையில் சேர்ந்தார். அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய கனவு கிடையாது. யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் காலியின் பிள்ளையும் ஒரே கந்தோரில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்து கோவை எழுதினார்கள். அவர்களுடைய அரசாங்க இலிகிதர் சேவைச் சங்கத்துக்கு இலங்கரத்ன தலைவரானார்.

1947 மே மாத இறுதியில் அரசாங்க ஊழியர் காலிமுகத்திடலில் கூடினார்கள். தொழிற்சங்க உரிமையும் சம்பளமும் கேட்ட கூட்டம் அது. அரசாங்க ஊழியர் அப்படிக் கூடுவதே விதிமீறல் என்று காலனித்துவ நிர்வாகம் நினைத்தது. இலங்கரத்ன உட்படச் சங்கத் தலைவர்கள் பணி இடைநிறுத்தம் செய்யப்பட்டார்கள். வேலைநிறுத்தம் வெடித்தது. ஜூன் 5 ஆம் திகதி கொழும்பில் ஊர்வலம் ஒன்றின்மீது பொலிஸ் சுட்டதில் வி. கந்தசாமி என்ற தமிழ் இலிகிதர் இறந்தார். இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் இன்றும் நினைவுகூரப்படும் பெயர் அது. சிங்களத் தலைவர் ஒருவரின் கீழ் நடந்த வேலைநிறுத்தத்தில் தமிழர் ஒருவர் உயிரைக் கொடுத்தார், இரு இனத்து ஊழியர்களும் சேர்ந்து அழுதார்கள். ஒன்பதே ஆண்டுகளில் நாடு எங்கே போய் நின்றது என்பதை வைத்துப் பார்த்தால், 1947 வேறொரு நாட்டில் நடந்தது போலவே தோன்றுகிறது.

வேலை போனவருக்கு அரசியல் மிஞ்சியது. 1948 இல் கண்டித் தொகுதி இடைத்தேர்தலில் வென்றார். தேர்தல் மனுவில் அந்த ஆசனம் பறிபோக, 1949 இல் அவரது மனைவி தமரா குமாரி அதே தொகுதியில் நின்று வென்றார். 1956 இல் பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தபோது இலங்கரத்ன தொழில் அமைச்சரானார்.

அந்த அமைச்சில் இருந்து அவர் கொண்டுவந்ததுதான் 1958 இன் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம். ஓய்வூதியம் அதுவரை அரசாங்க ஊழியரின் சொத்து. கடைச் சிப்பந்தி, தொழிற்சாலைப் பெண், தோட்டத் தொழிலாளி எல்லோரும் உடல் தேய்ந்ததும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். முதலாளியும் ஒரு பங்கு கட்டவேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. வாக்குரிமையும் குடியுரிமையும் பறிக்கப்பட்டிருந்த மலையகத் தமிழருக்கு இந்த நாட்டில் சட்டப்படி சொந்தமான சேமிப்பு என்று ஒன்று கிடைத்தது இதன் வழியாகத்தான்.

ஆனால் இதே அமைச்சரவைதான் 1956 இல் தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றியது. கந்தசாமியோடு மேசை பகிர்ந்த தமிழ் இலிகிதர்கள் சிங்களம் படித்துச் சித்தியடையாவிட்டால் சம்பள உயர்வு இல்லை, பதவி உயர்வு இல்லை என்ற நிலைக்கு வந்தார்கள். அந்தச் சங்கத்தின் முன்னாள் தலைவர் அமைச்சரவை ஆசனத்திலேயே இருந்தார். இதற்கு அவர் பக்கமிருந்து சொல்லப்படக்கூடிய சமாதானம் எதுவும் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. சேமலாப நிதியைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதவும் முடியாது.

1957 இல் அவரது அம்ப யஹளுவோ நாவல் வெளிவந்தது. வளவு வீட்டுப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் இடையிலான நட்பும், நடுவில் வந்து நிற்கும் சாதியும்தான் கதை. சிங்களப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வாசித்த புத்தகம். மனிதரை மதில்கள் பிரிப்பதைப் பற்றி இவ்வளவு நுட்பமாக எழுதத் தெரிந்தவர், தன் அமைச்சரவை கட்டிய மதிலை எப்படிப் பார்த்திருப்பார் என்ற கேள்வி அந்த நாவலை விட்டு எனக்கு விலகுவதே இல்லை.

இனி வங்கிக்கு வருவோம். ஆங்கிலேயர் காலத்தில் கொழும்பில் இருந்த வங்கிகள் தேயிலைக் கம்பனிகளுக்கும் ஏற்றுமதியாளருக்கும் உரியவை. உள்ளூர் வியாபாரிக்கு அங்கே கதவு திறக்காது. அவருக்கு நாட்டுக்கோட்டைச் செட்டிமார் இருந்தார்கள். 1920களில் செட்டிமாரின் கடன் வலை அறுந்தபோது உள்ளூர் வணிகம் மூச்சுத் திணறியது. 1934 இல் இந்தியாவிலிருந்து சொராப்ஜி பொச்கானவாலாவை அழைத்து வங்கி ஆணைக்குழு அமைத்தார்கள். அதன் விளைவாக 1939 இல் இலங்கை வங்கி பிறந்தது. அதுவும் நகரத்து வியாபாரியின் வங்கியாகவே வளர்ந்தது. கிராமத்து விவசாயிக்கு இருந்தது கடை முதலாளி ஒருவர்தான். விதைப்புக்குக் கடன் தருவார், அறுவடையில் நெல்லாக எடுப்பார், விலையும் அவரே வைப்பார்.

கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு வங்கி வேண்டும் என்று முதலில் பிடிவாதமாக நின்றவர் பிலிப் குணவர்தன. அவரது திட்டத்தைப் பண்டாரநாயக்கவின் அமைச்சரவைக்குள்ளேயே எதிர்த்தார்கள். 1959 இல் அவர் வெளியேறவேண்டி வந்தது. அந்த ஆண்டு பண்டாரநாயக்க கொல்லப்பட்டார். அதன்பின் வந்த தகநாயக்கவின் குறுகியகால ஆட்சியில் எங்கள் கரையைச் சேர்ந்த பொத்துவில் தொகுதி உறுப்பினர் எம்.எம். முஸ்தபா சில மாதங்கள் நிதி அமைச்சராக இருந்தார் என்பதை இங்கே சொல்லிவிட்டுப் போகலாம். 1956 இல் தமிழரசுக் கட்சியில் வென்று பின்னர் கட்சி மாறியவர் அவர். அந்தக் கதை தனியாக எழுதவேண்டியது.

1960 இல் சிறிமாவோவின் ஆட்சியில் வர்த்தக அமைச்சரான இலங்கரத்ன, பிலிப் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். 1961 இன் 29 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் மக்கள் வங்கி உருவானது. கூட்டுறவு, கிராமிய வங்கி முறை, விவசாயக் கடன் ஆகியவை அதன் நோக்கங்களாகச் சட்டத்திலேயே எழுதப்பட்டன.

அந்த வங்கி கதவு திறந்த நாள் 1961 ஜூலை 1. வடகிழக்குத் தமிழருக்கு அந்த ஆண்டு வேறு காரணத்துக்காக நினைவிருக்கும். பெப்ரவரியில் கச்சேரிகளுக்கு முன்னால் சத்தியாக்கிரகம் தொடங்கியது. மட்டக்களப்பில் முஸ்லிம்களும் சேர்ந்து குந்தினார்கள். ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் வந்தது, இராணுவம் வந்தது. கொழும்பில் மக்கள் வங்கியைத் திறந்துவைத்த நாளில் செல்வநாயகமும் மற்றத் தலைவர்களும் பனாகொடை முகாமில் தடுப்புக்காவலில் இருந்தார்கள். மட்டக்களப்பிலிருந்து அம்பாறையைத் தனி மாவட்டமாகப் பிரித்ததும் அதே ஆண்டில்தான். மக்களின் பெயரால் ஒரு வங்கியைத் திறந்த அரசாங்கம், அந்த மக்களில் ஒரு பகுதியினர் தங்கள் மொழியில் கடிதம் எழுதக் கேட்டதற்காக அவர்களின் பிரதிநிதிகளைப் பூட்டி வைத்திருந்தது.

இருந்தாலும் வங்கி எங்கள் ஊர்களுக்கும் வந்தது. 1964 இல் கூட்டுறவுச் சங்கங்களோடு சேர்ந்து கிராமிய வங்கிகள் தொடங்கின. சங்கக்கடைக்குப் பக்கத்து அறையில் ஒரு மேசை, ஒரு இரும்புப் பெட்டி, பாஸ் புத்தகம். அதோடு அடகுச் சேவை வந்தது. இலங்கையில் நகை அடகை வங்கிக்குள் கொண்டுவந்தது மக்கள் வங்கிதான். நிறை பார்த்து, மாற்றுப் பார்த்து, தொகையும் வட்டியும் தவணையும் எழுதிய சீட்டு ஒன்றைக் கையில் தருவார்கள். தவணை பிந்தினால் ஏலத்துக்கு முன்னர் அறிவித்தல் வரவேண்டும். எழுத்தறியாத பெண்ணுக்கும் தன்னுடைய பொருள் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்பதற்கு ஒரு கடதாசிச் சாட்சி கிடைத்தது. நுகர்வோர் பாதுகாப்பு என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்னரே நடந்த நுகர்வோர் பாதுகாப்பு இது. பக்கத்துத் தெரு அடகுக் கடைக்காரரும் வட்டியை யோசித்து வைக்கவேண்டி வந்தது.

முஸ்லிம் ஊர்களில் வட்டி என்பதே ஒரு சிக்கல். ஹராம் என்று வங்கிப் பக்கமே போகாதவர்கள் உண்டு. பசளைக்காக மனச்சுமையோடு போகிறவர்களும் உண்டு. வட்டியற்ற வங்கிமுறைக்கு 2005 இல்தான் வங்கிச் சட்டம் இடம் கொடுத்தது. இலங்கரத்னவின் திட்டத்தில் இதற்கு யோசனையே இருக்கவில்லை.

யுத்தம் வந்தபோது அந்தத் தங்கத்துக்கு யார் காவல் என்ற கேள்வி மிகக் கொடூரமாக எழுந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிடமிருந்து கழுத்திலும் காதிலும் கிடந்ததைக்கூடக் கழற்றி வாங்கினார்கள். வன்னியில் புலிகள் நடத்திய தமிழீழ வைப்பகத்தில் மக்கள் அடகு வைத்த நகைகள் 2009 இல் இராணுவத்தின் கைக்குப் போயின. 2014 இல் கிளிநொச்சியில் ஒரு பகுதியைச் சிலருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். மீட்கப்பட்ட தங்கத்தில் ஒரு தொகுதியை இராணுவம் பொலிஸிடம் கையளித்தது 2025 மே மாதத்தில். பதினாறு வருடம். முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்களில் எத்தனை பேரிடம் சீட்டு இருக்கும்? 2004 கடற்கோளில் அடகுச் சீட்டோடு அலுமாரியையும் கடல் கொண்டுபோன வீடுகள் எங்கள் கரையில் உண்டு. ஆனால் வங்கியின் பேரேட்டில் பெயர் இருந்தால் கேட்டுப் போக ஒரு இடமாவது இருக்கும்.

யுத்தம் முடிந்து வடகிழக்குக்கு வந்தது அரச வங்கிகளைவிட வேகமாக நுண்நிதிக் கம்பனிகள்தான். நகை கேட்கவில்லை, பிணை கேட்கவில்லை, ஐந்து பெண்களைக் குழுவாக நிறுத்திக் கடன் கொடுத்தார்கள். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கணவனை இழந்தவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமாரும் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தார்கள். தற்கொலைகள் நடந்த பிறகு, 2018 இல், வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் பொறுப்பேற்றது. வட்டிக்கு 35 சதவீதம் என்ற உச்சவரம்பும் வந்தது. உச்சவரம்பே அவ்வளவு என்றால் அதற்கு முன்னர் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம். 1961 இல் கடை முதலாளியிடமிருந்து காப்பாற்ற என்று தொடங்கிய ஏற்பாடு, அரை நூற்றாண்டுக்குப் பிறகு மிகவும் தேவைப்பட்ட இடத்தில் போதிய அளவில் இருக்கவில்லை.

இலங்கரத்ன அதோடு நிற்கவில்லை. காப்புறுதிக் கூட்டுத்தாபனமும் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் அவர் காலத்தவை. எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்களை எடுத்ததற்காக 1963 இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அதே ஆண்டு நிதி அமைச்சரானார், 1964 இல் அந்தப் பொறுப்பு என்.எம். பெரேராவிடம் போனது. அவர் கட்டிய அரச நிறுவனங்கள் பின்னாளில் ஆளும் கட்சிக்காரருக்கு வேலை கொடுக்கும் இடங்களாகின. அரசியல்வாதி சொன்னவருக்குக் கொடுத்த கடன்கள் திரும்பி வரவில்லை. 1993 இல் அரச வங்கிகள் இரண்டுக்கும் பொதுப் பணத்திலிருந்து மூலதனம் ஊட்டவேண்டி வந்தது.

சேமலாப நிதிக்கு நடந்ததையும் சொல்லவேண்டும். நாடு வங்குரோத்தான பின், உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை நாடாளுமன்றம் அங்கீகரித்தது 2023 ஜூலை 1. மக்கள் வங்கி திறந்து அன்றோடு சரியாக 62 வருடம். வங்கிகளைத் தொடாமல் விட்டார்கள். சுமை சேமலாப நிதியின்மீது விழுந்தது. அதன் பிணைமுறிகளுக்கு 2025 வரை 12 சதவீதம், பிறகு 9 சதவீதம் வட்டி என்று மாற்றினார்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகளின் பணமும் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரின் பணமும் அதற்குள்தான் இருக்கிறது.

1977 இல் சுதந்திரக் கட்சி படுதோல்வி அடைந்தது. 1984 இல் நடிகர் விஜய குமாரதுங்கவும் சந்திரிகாவும் இலங்கை மக்கள் கட்சியைத் தொடங்கியபோது, எழுபதைக் கடந்திருந்த இலங்கரத்ன அவர்களோடு போய் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். தமிழருக்கு அதிகாரம் பகிரப்படவேண்டும் என்று தெற்கில் பகிரங்கமாகப் பேசிய கட்சி அது. 1986 இல் விஜய யாழ்ப்பாணம் போய்க் கிட்டுவைச் சந்தித்தார். திரையில் பார்த்த நடிகரைப் பார்க்கச் சனம் கூடியது. 1956 அமைச்சரவையில் இருந்த ஒருவர் முப்பது வருடம் கழித்து அந்தப் பக்கத்தில் வந்து நின்றார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் வாய்திறந்து வருந்தினாரா என்பதைவிட அது பெரிது.

1988 பெப்ரவரியில் விஜயவை அவரது வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். இலங்கரத்ன இன்னும் நான்கு வருடம் வாழ்ந்து 1992 இல் காலமானார். அந்த நேரம் வடக்கின் முஸ்லிம்கள் புத்தளத்துக் கொட்டில்களில் இருந்தார்கள். எங்கள் கரையில் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையில் ஆட்கள் பயந்து பயந்து போய்வந்தார்கள். ஆனாலும் விதைப்புக் காலம் வந்ததும் இரண்டு ஊர்ப் பெண்களும் கல்முனை வங்கிகளுக்குப் போனார்கள்.