மேஜர் தியான் சந்த்

சென்ற ஆண்டு நம் விடுதி ஹாக்கி அணிக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் ஆட்டத்தில் பலமான அணி ஒன்றை வென்றோம். மறுவாரமே, யாரும் பொருட்படுத்தாத ஓர் அணியிடம் ஐந்து கோல் வாங்கிக்கொண்டு திரும்பினோம். அதிர்ஷ்டம் இல்லை என்றார்கள் நண்பர்கள். எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. அதே கால்கள், அதே மட்டைகள். ஏழு நாளில் கெட்டுப்போனது எது? இந்தக் கேள்வியோடுதான் தியான் சந்தின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தேன்.

அவர் பிறந்தது 1905 ஆகஸ்ட் 29-இல், அலகாபாத்தில். தந்தை ராணுவத்தில் இருந்தவர். மாற்றல் மேல் மாற்றல் வந்ததால் பையனின் படிப்பு ஆறு வகுப்போடு நின்றது. தொட்டிலிலேயே மட்டை பிடித்த மேதை என்று எண்ணிவிடாதீர்கள். இளமையில் அவருக்குப் பிடித்திருந்தது மல்யுத்தம்! 1922-இல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்த பிறகே ஹாக்கி அவரைப் பற்றிக்கொண்டது. பாலே திவாரி என்ற சுபேதார் மேஜர்தான் முதற் குரு. பகலெல்லாம் படை வேலை. ஆகவே நிலவு எழுந்த பின் தனியே பந்தை உருட்டிப் பழகுவாராம். தியான் சிங் என்ற பெயர் சந்த் ஆனது, அதாவது நிலவானது, அதனால்தான் என்பார்கள்.

அவருடைய மட்டையில் காந்தம் இருந்தது, பசை இருந்தது என்னும் கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்கு அவை பிடிப்பதில்லை. அந்த நிலவுக்கால உழைப்பையெல்லாம் ஒரு துளிப் பசைக்குள் மறைத்துவிடுகிற கதைகள் அவை.

1926-இல் ராணுவ அணியோடு நியூஜிலாந்து சென்றார். 21 ஆட்டங்களில் 18 வெற்றி, தோல்வி ஒன்றே. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல் போட்டது, ஒன்றுகூட வாங்கவில்லை. அவற்றில் 14 இவருடையவை. 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவை 24-1 என்று வென்றபோது தம்பி ரூப் சிங் பத்துக் கோல் போட்டார், அண்ணன் எட்டு. அந்த ஆண்டுச் சுற்றுப்பயணம் முழுவதிலும் 37 ஆட்டங்கள், 338 கோல்கள். இவர் பங்கு 133. கப்பலிலும் ரயிலிலும் அலைந்த உடம்போடு ஆடியவை இவை.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது ஒரு தோல்விதான். 1936-இல் அவர் தலைவராக பெர்லின் போய்ச் சேர்ந்ததும், ஜூலை 17-இல் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி 4-1 என்று இந்தியாவை வென்றது. ஒலிம்பிக் கணக்கில் சேராத ஆட்டம். வேறொருவர் சிரித்து மறந்திருப்பார். இவர்களோ அணியின் குறையை ஒப்புக்கொண்டு, தாராவை இந்தியாவிலிருந்து வரவழைத்தார்கள். ஆகஸ்ட் 15-இல் அதே ஜெர்மனியுடன் இறுதி ஆட்டம். முந்தைய நாள் பெய்த மழையில் தரை ஈரம். இடைவேளை வரை ஒரே ஒரு கோல். இரண்டாம் பாதியில் தியான் சந்த் ஆணி வைத்த பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார். முடிவு 8-1. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய ஒரே கோல் அதுதான்.

நம் பிழை எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. நான் பயிற்சி வைத்ததெல்லாம் பந்தயத்துக்கு முந்தின வாரம் மட்டுமே. வென்ற மறுநாள் விடுமுறை விட்டேன், இனிப்பும் வாங்கிக் கொடுத்தேன்! தோற்ற பிறகு எவர் இடம் மாறினார், எங்கே பந்து பறிபோயிற்று என்று உட்கார்ந்து பேசவேயில்லை. இந்த ஆண்டு தினம் நாற்பது நிமிஷம் வைத்திருக்கிறேன். வெற்றியானாலும் மறுநாள் உண்டு. முணுமுணுப்பும் உண்டு. போட்டிகள் இன்னும் தொடங்கவில்லை.

தியான் சந்த் 1956-இல் மேஜராக ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்மபூஷண் கிடைத்தது. பிறகு பாட்டியாலா விளையாட்டுக் கழகத்தில் பயிற்சியாளராக இருந்தார். 1979 டிசம்பர் 3-இல் டில்லி ஆஸ்பத்திரியில் காலமானார். ஜான்சியில், அவர் ஆடிப் பழகிய மைதானத்திலேயே தகனம் நடந்தது. ஊருக்குப் போகும் நம் ரயில் அந்த ஜான்சியில் சற்று நேரம் நிற்கும். இதுவரை அங்கே தேநீர் மட்டுமே வாங்கியிருக்கிறேன். இம்முறை ஒருநாள் இறங்கித் தங்குவதாக இருக்கிறேன். உடன் வர விரும்புவோர் பெயர் கொடுக்கலாம்.