ஜோன் கார்ட்னர்: திறப்பைக் கொடுத்த ஆசான்

படைப்பிலக்கியத்தை வகுப்பறையில் கற்பிக்க முடியுமா என்ற வினா நம்மிடையே அவ்வப்போது எழுவதுண்டு. எழுத்தாற்றல் பிறவியிலேயே அமைவது என்று கூறி அதனை நாம் ஒதுக்கிவிடுகின்றோம். அமெரிக்க நாவலாசிரியர் ஜோன் கார்ட்னரின் வாழ்வை அறிந்தோர் அவ்வளவு எளிதில் ஒதுக்கமாட்டார்கள்.

1933 ஜூலை 21 ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் பட்டேவியாவில் அவர் பிறந்தார். தந்தையார் பாற்பண்ணையாளர், பிரசங்கியாகவும் விளங்கியவர். தாயார் ஆங்கில ஆசிரியை. 1945 ஏப்ரலில், பதினொரு வயதுச் சிறுவனான கார்ட்னர் செலுத்திய உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டப்பட்டிருந்த கனமான மண் உருளையின் கீழ் அகப்பட்டுத் தம்பி கில்பேட் உயிரிழந்தான். அது விபத்தே. ஆயினும் அக்காட்சி வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1977 இல் வெளியான ‘ரிடெம்ப்ஷன்’ என்ற சிறுகதையிலேயே அத்துயரை அவரால் நேர்நின்று எழுத முடிந்தது.

1958 இல் அயோவா பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், மறு ஆண்டு கலிபோர்னியாவின் சீக்கோ அரச கல்லூரியில் கற்பிக்கத் தொடங்கினார். அவ்வகுப்பில் றேமண்ட் கார்வர் என்ற இளைஞர் இருந்தார். மர ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகனான அவர், இருபத்தொரு வயதிலேயே இரு பிள்ளைகளின் தந்தை. எழுதுவதற்கு அவருக்கு இடமில்லை என்பதை அறிந்த கார்ட்னர், வார இறுதிகளில் பயன்படுத்துமாறு தமது அலுவலக அறையின் திறப்பையே கொடுத்துவிட்டார். அவ்வறையில் ஆசிரியரின் சொந்தக் கையெழுத்துப் பிரதிகள் பெட்டிகளில் கிடந்தன. அவரது நாவல் ஒன்றேனும் அன்று அச்சேறியிருக்கவில்லை!

மாணவரின் கதையை அவர் சொல் சொல்லாக வாசிப்பார். நீக்கியே ஆகவேண்டிய சொற்கள் எவை, பேசித் தீர்க்கக்கூடியவை எவை என வேறுபடுத்திக் குறிப்பார். காற்புள்ளிக்காகவும் வாதிடுவார். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த சிறுகதையாளர்களுள் ஒருவராகப் பின்னாளில் உயர்ந்த கார்வர், இக்கடனை மறக்கவில்லை.

கார்ட்னரின் முதல் நாவல் 1966 இல் வெளியானது. பழைய ஆங்கிலக் காவியமான ‘பேவுல்ஃப்’ கதையை அதில் வரும் அரக்கனின் வாய்மொழியாகச் சொன்ன ‘கிரெண்டெல்’ (1971) அவருக்குப் புகழ் தேடித்தந்தது. ‘ஒக்டோபர் லைட்’ (1976), தேசிய நூல் விமர்சகர் வட்டத்தின் விருதைப் பெற்றது.

1978 இல் ‘ஒன் மோரல் பிக்ஷன்’ என்ற விமர்சன நூல் வந்தது. கலை வாழ்வை வாழத்தக்கதாக்க வேண்டும் என்ற அளவுகோலால் சமகால எழுத்தாளர் பலரை அவர் அதில் குறைகண்டார். அளவுகோலில் நமக்குப் பிணக்கில்லை. அதைப் பிரயோகித்த கடுமையே மிகையானது. மாணவனின் காற்புள்ளிக்குக் காட்டிய பொறுமையைச் சக எழுத்தாளருக்கு அவர் காட்டவில்லை. அதே ஆண்டில், சோசரின் வாழ்க்கை வரலாற்று நூலில் பிற அறிஞர்களின் வாசகங்களை உரியவாறு குறிப்பிடாது எடுத்தாண்டார் என்ற குற்றச்சாட்டு அவர் மீதே எழுந்தது. புற்றுநோயும் அக்காலத்திலேயே அவரைப் பீடித்திருந்தது.

நோயிலிருந்து மீண்டு பிங்ஹம்டனில் கற்பித்துவந்த கார்ட்னர், 1982 செப்டெம்பர் 14 ஆம் திகதி பென்சில்வேனியாவில் மோட்டார் சைக்கிள் விபத்தில் காலமானார். வயது 49. சில தினங்களில் மூன்றாவது திருமணம் நடைபெறவிருந்தது. நாவலாசிரியராக விழைவோருக்கு அவர் எழுதிய நூல், கார்வரின் முன்னுரையுடன் 1983 இல் வெளிவந்தது. புனைகதைக் கலை பற்றிய நூல் மறு ஆண்டு வெளியாகி, இன்றும் எழுத்துப் பயிற்சி வகுப்புகளில் வாசிக்கப்படுகின்றது. அவரது உடல் பட்டேவியாவில், தம்பி கில்பேட்டின் அருகில் அடக்கம் செய்யப்பட்டது.