சபர்மதிக் கரையில் ஒரு சிதம்பரம்

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் மாலை, சந்திரயான்-3 கலத்தின் இறங்கூர்தி நிலவின் தென்முனைப் பகுதியில் மெல்ல அமர்ந்ததை நம் இல்லங்களில் முதியோரும் சிறுவரும் ஒருங்கே கண்டு மகிழ்ந்தோம். அவ்வூர்திக்கு விக்ரம் என்று பெயர். அப்பெயருக்கு உரியவரான டாக்டர் விக்ரம் அம்பாலால் சாராபாய் அவர்கள் சமணக் குடியில் தோன்றியவர் என்பதும், சென்னையில் பெண் எடுத்தவர் என்பதும் நம்மவருள் பலர் அறியாதவை. தும்பா ஏவுதளம், அணுசக்தி ஆணையம், ஆமதாபாத் மேலாண்மைக் கழகம் என்று அன்னாரின் பணிகளைப் பாடநூல்களே கூறிவிடுகின்றன. அவர் வளர்ந்த இல்லத்தையும் அமைத்த இல்லத்தையும் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

விக்ரம் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் ஆமதாபாத்தில் பிறந்தார். தந்தையார் அம்பாலால் சாராபாய், காலிகோ ஆலையின் அதிபர்; ஸ்ரீமாலி வகுப்பைச் சார்ந்த செல்வந்தச் சமணக் குடும்பத்தினர். தாயார் சரளாதேவி. மக்கள் எண்மர். ஷாகிபாக் பகுதியில் மரங்களும் மலர்ச்சோலைகளும் மயில்களும் நிறைந்த பரந்த தோட்டத்தின் நடுவே அமைந்திருந்தது அவர்தம் மாளிகை. பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கு அனுப்ப மனமின்றி, மாண்டிசோரி அம்மையாரின் கல்வி முறையைப் பயின்றறிந்த பெற்றோர், தோட்டத்திற்குள்ளேயே பள்ளி ஒன்றை நிறுவினர். இங்கிலாந்திலிருந்தும் ஆசிரியர்கள் வரவழைக்கப்பட்டனர். மொழிகளும் அறிவியலும் மட்டுமன்றி இசை, ஓவியம், தச்சு வேலை, தோட்டக்கலை ஆகியனவும் கற்பிக்கப்பட்டன. எட்டு வயதிலேயே பிள்ளைகளை மதிப்பெண்ணுக்கு அடிமையாக்கும் நாம் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். ஆயினும், இத்தகைய பள்ளியை நடத்த அம்பாலாலின் செல்வமும் வேண்டும் என்பதை மறத்தல் ஆகாது.

சிறுவன் விக்ரம் அடக்கமான பிள்ளையாக இருந்தான் என்று எவரும் கூறவில்லை. மிதிவண்டி ஓட்டுகையில் கைகளைக் கட்டிக்கொண்டு, கால்களைக் கைப்பிடியின் மேல் தூக்கி வைத்து, கண்களையும் மூடிக்கொண்டு விரைவானாம். வேலையாட்கள் பதறிக்கொண்டு பின்னால் ஓடுவார்களாம். மற்றொரு நிகழ்ச்சியும் சொல்லப்படுகிறது. ஒரு கோடைக்காலத்தில் குடும்பம் சிம்லாவில் தங்கியிருந்தபோது, தந்தைக்கு நாள்தோறும் கட்டுக் கட்டாகக் கடிதங்கள் வருவதைக் கண்ட சிறுவன், தந்தையின் செயலரிடம் உறைகளும் அஞ்சல் தலைகளும் வாங்கித் தன் முகவரிக்குத் தானே கடிதம் எழுதி அனுப்பிக்கொண்டானாம். வீட்டிலேயே அமைந்த பட்டறையில், பதினைந்து வயதளவில், பொறியாளர் இருவர் துணையுடன் இயங்கும் புகைவண்டி எஞ்சின் மாதிரி ஒன்றையும் செய்து முடித்தான். இளமையில் பொழுதுபோக்காகத் தொட்ட கருவிகளே பின்னாளில் வாழ்க்கைத் தொழிலாயின.

அம்மாளிகைக்கு வந்து தங்கிய விருந்தினரும் அப்பிள்ளைகளுக்கு ஆசிரியர்களே. கவிஞர் தாகூர் வந்திருந்தார். 1937-இல் விக்ரம் கேம்பிரிட்ஜுக்குச் செல்ல முயன்றபோது பரிந்துரைக் கடிதம் அளித்தவரும் அவரே. காந்தியடிகளுக்கும் இக்குடும்பத்திற்கும் இருந்த தொடர்போ தனித்து எழுதத்தக்கது. கோச்ரப் ஆசிரமத்தில் தீண்டப்படாதார் எனப்பட்ட குடும்பம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டமையால் நன்கொடைகள் நின்றுபோன வேளையில், பெயர் சொல்லாமல் வந்து 13,000 ரூபாய் கொடுத்துச் சென்றவர் அம்பாலாலே என்பர்.

ஆயினும் அக்குடும்பம் முரண்பாடற்ற குடும்பம் அன்று. விக்ரமின் அத்தை அனசூயா அம்மையார் 1912-இல் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்றார். உயிரினங்களை அறுத்துப் பயிலுதல் சமண அறத்திற்கு ஒவ்வாது என்று அப்படிப்பைத் துறந்து, சமூகவியல் துறைக்கு மாறினார். நாடு திரும்பியபின் ஆலைத் தொழிலாளரின் தலைவியானார். 1918-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் தமக்கையும் முதலாளிகள் பக்கம் தம்பியும் நின்றனர். தமக்கையைக் கடல் கடந்து படிக்க அனுப்பிவைத்த அதே தம்பிதான்.

நம் வாசகர்க்கு இன்னும் நெருடலாகத் தோன்றும் நிகழ்ச்சி 1926-இல் நிகழ்ந்தது. ஆலை வளாகத்தில் வெறிநோய் பற்றித் திரிந்த அறுபது நாய்களைக் கொன்றுவிட அம்பாலால் இசைந்தார். ஆமதாபாத் சமணப் பெருமக்களிடையே பெருங்கண்டனம் எழுந்தது. காந்தியடிகளோ, வேறு வழியின்மையைச் சுட்டி அம்பாலாலின் பக்கம் நின்று தம் யங் இந்தியா இதழில் தொடர்ந்து எழுதினார். தெருவில் உணவிட்டு விட்டுவிடுவது மட்டும் அகிம்சை ஆகாது, பேணும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது அவ்வழக்கின் சாரம். அவ்வாதம் நமக்கு உடன்பாடாதல் அரிது. எனினும் நாய்களுக்குச் சோறிடுவோரும் விரட்டுவோரும் இன்றும் ஒரே தெருவில் வாழ்கின்றோம். அப்போது விக்ரமுக்கு ஏழு வயது. அறத்தைப் பற்றி ஊரே வழக்காடிய ஒரு வீட்டில் அவர் வளர்ந்தார்.

இரண்டாம் உலகப்போர் மூண்டமையால் கேம்பிரிட்ஜிலிருந்து திரும்பிய விக்ரம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. இராமனின்கீழ் அண்டக் கதிர் ஆய்வில் அமர்ந்தார். காஞ்சியைக் கடந்து நம் தாமல் வழியே மேற்கு நோக்கி ஓடும் நெடுஞ்சாலை சென்றடையும் அப்பெங்களூரில்தான், மிருணாளினி சுவாமிநாதன் என்னும் நடனமணியுடன் அவருடைய நட்பு வளர்ந்தது. மிருணாளினியின் தந்தையார் சுப்பராம சுவாமிநாதன் சென்னையில் பெயர் பெற்ற வழக்கறிஞர். தாயார் அம்மு சுவாமிநாதன் பின்னர் அரசியல் நிர்ணய சபை உறுப்பினரானவர். தமக்கை, நேதாஜியின் படையில் பணிபுரிந்த கேப்டன் லட்சுமி. மிருணாளினியோ பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பரதம் பயின்றவர்.

1942-இல் சென்னையில் திருமணம் நிகழ்ந்தது. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தால் நாடெங்கும் கொந்தளிப்பு. ஆகவே மணமகன் வீட்டார் ஒருவர்கூட வர இயலவில்லை. எட்டு மக்களைப் பெற்ற வீட்டின் மகன் தன்னந்தனியே மணமேடையில் அமர்ந்தான்.

ஆமதாபாத்தில் சபர்மதிக் கரையில் அவர்கள் வாழ்ந்த இல்லத்திற்குச் சிதம்பரம் என்று பெயர். குசராத்தி ஆலை அதிபரின் மகன், அறிவியலாளர், சமணர். அவர் வீட்டு வாயிலில் ஆடல்வல்லானின் ஊர்ப்பெயர். மனைவியின் கலைக்கு அவர் அளித்த மதிப்பிற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 1949-இல் மிருணாளினி தர்ப்பணா கலைக்கழகத்தைத் தொடங்கியபோது விக்ரம் உறுதுணையாக நின்றார். பரதம் பெரிதும் அறியப்படாதிருந்த அந்நகரில் செல்வக் குடும்பத்து மருமகள் மேடையேறுவது அக்காலத்தில் எளிய செயல் அன்று. கார்த்திகேயன், மல்லிகா என மக்கள் இருவர். மகன் சுற்றுச்சூழல் கல்வியிலும், மகள் நடனத்திலும் நாடகத்திலும் புகழ் பெற்றனர்.

வெண்ணிறக் குர்த்தாவும் பைஜாமாவும் அணிந்து, தம் பெட்டியைத் தாமே சுமந்து செல்லும் எளிமையர் அவர். ஆனால் அப்பெட்டி எப்போதும் பயணத்திலேயே இருந்தது. 1966 சனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்தபின் அணுசக்தி ஆணையத்தின் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது. ஆமதாபாத், பம்பாய், தில்லி, திருவனந்தபுரம் என்று நாட்கள் கழிந்தன. நாட்டிற்கு நேரம் கிடைத்தது, சிதம்பரத்திற்குக் கிடைக்கவில்லை. மிருணாளினி அம்மையார் முதுமையில் எழுதிய தன்வரலாற்று நூலில், மணவாழ்வில் தாம் உற்ற தனிமையையும் மனவருத்தத்தையும் மறைக்காது பதிவு செய்துள்ளார். பெரியோர் வரலாறு எழுதுவோர் இப்பகுதியைத் தாண்டிச் செல்வதே வழக்கம். நாட்டிற்கென ஒருவர் கொடுத்த காலத்துள் அவர் வீட்டாரின் பங்கும் அடங்கியிருந்தது. அதனை எழுதாது விடுதல் அவ்வம்மையாருக்கு இழைக்கும் அநீதியாகும்.

1971 திசம்பர் 30 அன்று, தும்பாப் பணிகளுக்காகச் சென்றிருந்தபோது, கோவளம் கடற்கரையில் தங்கியிருந்த அறையில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அகவை 52. அங்கும் தனியேதான் இருந்தார்.

மிருணாளினி அம்மையார் அதன்பின் நாற்பத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்து, தர்ப்பணாவில் தலைமுறை தலைமுறையாக மாணவியரை உருவாக்கினார். 2016 சனவரி 21-ஆம் நாள் அவர் மறைந்தபோது, மகள் மல்லிகா அன்னையின் உடல்முன் நடனமாடி விடை கொடுத்தார்.