ஜேம்ஸ் பிரெய்ட்வுட்

தீப்பற்றிய வீட்டினுட் புகுந்து உயிர்களை மீட்பவரை உலகம் உடனே போற்றுகின்றது. தீப்பற்றாத கட்டிடத்தை நோக்கி, இஃது எவ்வாறு பற்றும், பற்றின் எத்துணைத் தூரம் பரவும் என்று கணித்து எச்சரிப்பவருக்கோ அது செவிசாய்ப்பது அரிது. இவ்விரு தொண்டினையும் ஒருங்கே ஆற்றியவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்னும் பெரியார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிரெய்ட்வுட் 1800-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரிற் பிறந்தார். பள்ளிக் கல்விக்குப்பின் கட்டிடத் தொழிலைக் கற்றுக்கொண்டார். சுவர், உத்தரம், தளம், கூரை என்பவற்றின் இயல்பை இளமையிலேயே அறிந்திருந்தமை பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

1824-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத்துத் தீயணைப்புப் படைக்கு அவர் தலைவரானார். பதவியேற்ற சில வாரங்களுள், நவம்பர் மாதத்தில், பெருந்தீயொன்று எழுந்து அந்நகரின் உயர்ந்த மாடங்கள் பலவற்றை அழித்தது. டிரான் தேவாலயத்துக் கோபுரமும் எரிந்து வீழ்ந்தது. படையினர் அப்பொழுது பயிற்சி பெற்றிலர்; ஆணையிடுவோரும் பலராயிருந்தனர். இவ்வழிவு தந்த பாடத்தைப் பிரெய்ட்வுட் மறந்தாரல்லர். கொத்தர், தச்சர், கூரை வேய்வோர் முதலிய தொழிலாளரைத் தெரிந்தெடுத்து, ஒழுங்காகப் பயிற்றினார். வீதியில் நின்று புகையின்மேல் நீர் பாய்ச்சுவது வீண். உட்சென்று தீயின் அடியிலேயே பாய்ச்ச வேண்டும். ஒருவரும் தனித்துப் புகலாகாது. புகை சூழ்ந்த அறையில் தரையோடு தாழ்ந்து தவழ வேண்டும். கதவுகளை மூடிக் காற்றைத் தடுக்க வேண்டும். இவை அவர் வகுத்த முறைகளாம். இவற்றையெல்லாம் 1830-ஆம் ஆண்டில் ஒரு நூலாகவும் வெளியிட்டார்.

அக்காலத்து இலண்டனில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தத்தமக்கெனத் தீயணைப்பாளரை வைத்திருந்தன. 1833-ஆம் ஆண்டில் அவற்றுட் பத்துக் கம்பெனிகள் ஒன்றுகூடிப் பொதுப்படையொன்றை நிறுவிப் பிரெய்ட்வுட்டைத் தலைவராக்கின. மறு ஆண்டிலேயே பார்லிமெண்டு மாளிகை எரிந்தது. பழைய கணக்குக் கோல்களை அடுப்புகளில் மிகுதியாக இட்டு எரித்தமையே அதற்குக் காரணம். மாளிகையின் பெரும்பகுதி அழிந்தது. எனினும் தொன்மை மிக்க வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் காப்பாற்றப்பட்டது.

தீயை அணைப்பதினும் அது தோன்றும் வழியை அறிவதே மேல் என்பது அவர் கொள்கை. கொதிநீரின் சூட்டினும் பெரிதும் மிகாத வெப்பமுடைய குழாய்களேயாயினும், பல்லாண்டுகள் மரத்தை அடுத்திருப்பின் அம்மரம் தானே பற்றிக்கொள்ளும் நிலையை அடையும் என்று 1846-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபைக் குழுவின்முன் அவர் சான்று கூறினார். இரும்பினாற் கட்டியவை தீப்பிடியாத கட்டிடங்கள் என்று மக்கள் நம்பியிருந்த நாளில், 1849-ஆம் ஆண்டில் பொறியியலார் கழகத்தில் அதனை மறுத்துரைத்தார். இரும்பு எரிவதில்லை, ஆனால் கடுஞ்சூட்டில் வலிமையிழக்கும். காய்ந்த வார்ப்பிரும்புத் தூணின்மேல் குளிர்ந்த நீர் பட்டால் அது வெடித்து, தாங்கிய தளத்தோடு உள்ளிருப்பாரையும் வீழ்த்தும்.

தடுப்புச் சுவரின்றிப் பரந்து கிடக்கும் பண்டகசாலைகளே இலண்டனுக்குப் பேரிடர் என்பதை அவர் பன்முறை எடுத்துரைத்தார். அத்தகைய கட்டிடத்தில் தீ ஒரு முறை ஓங்கிவிடின் நகரத்துப் பொறிகள் அனைத்தும் கூடினும் அணைக்கவியலாது என்பது அவர் கணிப்பு. 1855-ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவுச் சுவரற்ற பண்டகசாலை 216,000 கன அடியைக் கடத்தலாகாது என்று வரையறுத்தது. ஆயினும் ஆற்றங்கரையில் அபாயம் நீங்கவில்லை.

1861-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் மாலை, தேம்ஸ் நதிக்கரையை அடுத்த டூலி வீதிப் பண்டகசாலையொன்றில் தீ மூண்டது. பருத்தி, சணல், சர்க்கரை, கொழுப்பு, வெடியுப்பு முதலிய சரக்குகள் அங்கே நிறைந்திருந்தன. அறைக்கு அறை தீயைத் தடுக்கவென்று அமைத்த இரும்புக் கதவுகள் திறந்தபடியே கிடந்தன. ஆற்றிலும் நீர் வற்றியிருந்த வேளை அது. களைத்த தம் ஆட்களைத் தேற்றிக்கொண்டு சென்ற பிரெய்ட்வுட்டின்மேல் சுவரொன்று சரிந்து விழுந்தது. அவர் அவ்விடத்திலேயே உயிர்நீத்தார். தீயோ இரு வாரங்கள் எரிந்தது. ஏறக்குறைய 20 இலட்சம் பவுன் பொருள் அழிந்தது. நகரமே திரண்டு அவருடலை ஆப்னி பார்க் கல்லறைக்கு எடுத்துச் சென்றது.

இவ்விழப்பைத் தாங்கமாட்டாத கம்பெனிகள் இப்பொறுப்பினின்று விலக விரும்பின. அதன் பயனாக 1865-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டு முதல் தீயணைப்பு நகரத்துப் பொதுப்பணியாயிற்று. எடின்பரோ நகரமும் 2008-ஆம் ஆண்டில் அவருக்குச் சிலை நிறுவிற்று.

மாணவ நண்பர்களே, பிரெய்ட்வுட் முன்னரே கண்ட அபாயமே அவரைக் கொண்டுபோயிற்று. அறிவுரை இல்லாமையால் அன்று. அமைத்த கதவை மூடாமையால் தீ பரவிற்று. நம் விடுதியிலும் ஆய்வுக்கூடத்திலும் மூடவேண்டிய கதவு திறந்து கிடக்கின்றதா, வெளியேறும் வழி பெட்டிகளால் அடைபட்டுள்ளதா, சூடேறும் கருவியின் அருகே மரமோ துணியோ உள்ளதா என்று இன்றே சென்று பார்ப்போமாக. அப்பெரியாருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாம்.