உஸ்தாதின் இடத்தில் அமரும் வரை

ஷஃபான் மாதம் பிறந்துவிட்டால் நம் அரபிக் கல்லூரிகளில் ஸனது வழங்கும் விழாக்கள் தொடங்கிவிடும். ஏழெட்டு ஆண்டுகள் கிதாபு ஓதிய இளைஞர்கள் தலைப்பாகையோடு வீடு திரும்புகிறார்கள். பெற்றோர் ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறார்கள். மகனுக்கு எந்த ஊரில் இமாமத் கிடைக்கும், எந்த மத்ரஸாவில் முதர்ரிஸ் பொறுப்பு கிடைக்கும், சம்பளம் என்ன என்ற பேச்சும் அன்றிரவே எழுந்துவிடுகிறது. பிழைப்பைப் பற்றிக் கவலைப்படுவது குற்றமாகாது. ஆனால் பிறருக்கு ஓதிக் கொடுக்க ஒருவர் எப்போது தகுதி அடைகிறார் என்ற கேள்வியும் அந்தப் பேச்சில் சேர வேண்டும். அதற்கு விடை தேடுவோர் இமாமுல் அஃளம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வாழ்க்கையைப் படித்துப் பார்ப்பது நலம்.

நுஃமான் இப்னு தாபித் என்னும் இயற்பெயர் கொண்ட இமாமவர்கள் ஹிஜ்ரி 80-ல் (கி.பி. 699) இராக் நாட்டின் கூஃபா நகரில் பிறந்தார்கள். பட்டுத் துணி வியாபாரம் செய்த குடும்பம். இளமையில் அவர்களும் கடைவீதிக்குத்தான் போய் வந்தார்கள். பெரியார் ஷஃபீ (ரஹ்) அவர்கள் ஒருநாள் இந்த இளைஞரின் முகத்தில் அறிவின் களையைக் கண்டு, ஆலிம்களின் மஜ்லிஸுக்குப் போகும்படி தூண்டினார்கள். அந்தச் சொல் மனதில் தைத்தது. முதலில் அகீதா பற்றிய தர்க்கக் கலையில் இறங்கி, வாதத்தில் வல்லவர் எனப் பெயரெடுத்தார்கள்.

அப்போது ஒரு பெண்மணி வந்து, ஸுன்னத்தான முறையில் தலாக் கொடுப்பது எப்படி என்று கேட்டார். வாதத்தில் வென்றவருக்கு இந்த வீட்டு மஸ்அலாவுக்கு விடை தெரியவில்லை. அருகில் தர்ஸ் நடத்திக் கொண்டிருந்த ஹம்மாத் இப்னு அபீஸுலைமான் (ரஹ்) அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலைத் தமக்கும் வந்து சொல்லும்படி அப்பெண்மணியை அனுப்பி வைத்தார்கள். அவரும் கேட்டு வந்து சொன்னார். உடனே இமாமவர்கள் தம் செருப்பை எடுத்துக்கொண்டு ஹம்மாத் (ரஹ்) அவர்களின் மஜ்லிஸில் போய் அமர்ந்துவிட்டார்கள்.

ஹம்மாத் (ரஹ்) அவர்கள் இப்ராஹீம் நகஈ (ரஹ்) அவர்களின் மாணவர். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் கூஃபாவில் விதைத்த கல்வி அந்த வழியாகவே வந்து கொண்டிருந்தது. அங்கே இமாமவர்கள் அன்றன்றைய பாடத்தை மனனம் செய்து, மறுநாள் பிழையின்றி ஒப்புவித்தார்கள். மற்ற மாணவர்கள் தடுமாறினார்கள். இதைக் கண்ட உஸ்தாத், தமக்கு நேர் எதிரே அமரும் இடத்தை அவர்களுக்கென்றே ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

இப்படிப் பத்து ஆண்டுகள் சென்றன. தனியே ஒரு மஜ்லிஸ் அமைத்து ஓதிக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை இமாமவர்களின் உள்ளத்திலும் எழுந்தது. ஒருநாள் மாலை அந்த எண்ணத்தோடு பள்ளிவாசலுக்குள் நுழைந்தவர்கள், உஸ்தாதைக் கண்டதும் பிரிய மனம் வராமல் வழக்கமான இடத்திலேயே அமர்ந்துவிட்டார்கள். அன்றிரவே பஸ்ராவிலிருந்து செய்தி வந்தது. ஹம்மாத் (ரஹ்) அவர்களின் உறவினர் ஒருவர் இறந்துவிட்டார். அவருக்கு வேறு வாரிசு இல்லை. உஸ்தாத் அவர்கள், தம் இடத்தில் இமாமவர்களை அமர்த்திவிட்டுப் புறப்பட்டார்கள்.

இரண்டு மாதங்கள் கடந்தன. உஸ்தாதிடம் கேட்டறியாத புதிய மஸ்அலாக்கள் பல வந்தன. இமாமவர்கள் பதில் சொன்னார்கள். சொன்ன ஒவ்வொன்றையும் எழுதியும் வைத்தார்கள். உஸ்தாத் திரும்பியதும் அந்த ஏட்டை அவர்கள் முன் வைத்தார்கள். மொத்தம் 60 மஸ்அலாக்கள் இருந்தன. 40-ல் உஸ்தாத் உடன்பட்டார்கள். 20-ல் மாறுபட்டார்கள். அன்றே இமாமவர்கள், உஸ்தாத் உயிரோடிருக்கும் வரை அவர்களை விட்டுப் பிரிவதில்லை என்று உறுதி செய்து கொண்டார்கள்.

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். அந்த ஏட்டைக் காட்டும்படி யாரும் கேட்கவில்லை. மறைத்திருந்தால் பதில் பெற்றுச் சென்றவர்கள் மெச்சியபடியே இருந்திருப்பார்கள். பத்து ஆண்டுகள் ஓதியவரின் விடைகளில் மூன்றில் ஒரு பங்கை உஸ்தாத் ஏற்கவில்லை என்பது வெளிவந்தே இராது. பிறருடைய தொழுகையும் திருமணமும் சொத்தும் தம் நாவைச் சார்ந்திருக்கின்றன என்ற அச்சமே அவர்களை அந்த ஏட்டை நீட்டச் செய்தது.

மேலும் எட்டு ஆண்டுகள் மாணவராகவே கழிந்தன. ஹிஜ்ரி 120-ல் (கி.பி. 738) ஹம்மாத் (ரஹ்) அவர்கள் வஃபாத்தானார்கள். மஜ்லிஸ் கலைந்துவிடக் கூடாதே என்று கவலையுற்ற தோழர்கள் வேறு சிலரை அணுகிப் பார்த்து, இறுதியில் இமாமவர்களை அழைத்து அமர்த்தினார்கள். அப்போது வயது நாற்பது. 18 ஆண்டுகள் ஓதிய பின்னரே அந்த இடம் அவர்களை நாடி வந்தது. தம் மகனுக்கு அவர்கள் இட்ட பெயரும் ஹம்மாத் என்பதுதான்.

அவர்கள் ஓதிக் கொடுத்த முறையும் தனிச் சிறப்புடையது. ஒரு மஸ்அலாவை மாணவர்கள் முன் வைப்பார்கள். ஒவ்வொருவரும் தம் கருத்தையும் ஆதாரத்தையும் சொல்ல வேண்டும். சில சமயம் விவாதம் பல நாட்கள் நீளும். முடிவு தெளிந்த பிறகே அது ஏட்டில் ஏறும். மாணவர் உஸ்தாதை மறுத்துப் பேசலாம். அதனால்தான் அபூயூஸுஃப் (ரஹ்), முஹம்மத் இப்னு ஹஸன் (ரஹ்) ஆகிய மாணவர்கள் பல மஸ்அலாக்களில் இமாமுக்கு மாறுபட்டிருப்பதை இன்றும் ஹனஃபீ கிதாபுகளில் காண்கிறோம். அந்த முஹம்மத் (ரஹ்) அவர்களிடம் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் பாடம் கேட்டிருக்கிறார்கள்.

இமாமவர்கள் தர்ஸைக் கொண்டு பிழைக்கவில்லை. துணிக்கடை வருமானம் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. மிஞ்சியது மாணவர்களுக்குப் போயிற்று. வறுமையால் வீட்டாரின் தடைக்குள்ளான அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களுக்கு 100 திர்ஹம் அடங்கிய பையைக் கொடுத்து ஓத வரச் சொன்னார்கள். அது தீரும் தறுவாயில், கேளாமலே மீண்டும் கொடுத்தார்கள்.

அந்த அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களுக்கும் ஒரு காலம் அதே ஆசை வந்தது. அவர்கள் நோயுற்றிருந்தபோது, தமக்குப் பின் மக்களுக்கு இவர் பயன்படுவார் என்று நம்பியிருந்ததாக இமாமவர்கள் கூறியது காதில் விழுந்தது. நலம் பெற்றதும் தனி மஜ்லிஸ் தொடங்கிவிட்டார்கள். இமாமவர்கள் கோபித்துக் கண்டனம் அனுப்பவில்லை. ஓர் ஆளிடம் ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்பினார்கள். சலவைக்குப் போட்ட துணியைத் தம்மிடம் இல்லையென்று மறுத்த சலவைக்காரர், பின்னர் அதை வெளுத்துக் கொண்டுவந்து கொடுத்தால் அவருக்குக் கூலி உண்டா என்பதே கேள்வி. உண்டு என்றாலும், இல்லை என்றாலும் தவறு என்று சொல்லிவிடும்படி அந்த ஆளுக்குக் கட்டளை.

அப்படியே நடந்தது. அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் எழுந்து நேரே உஸ்தாதிடம் வந்தார்கள். இமாமவர்கள் விளக்கினார்கள். மறுப்பதற்கு முன்பே வெளுத்திருந்தால் உரியவருக்காக வெளுத்தார், கூலி உண்டு. மறுத்த பின் வெளுத்திருந்தால் தமக்காகவே வெளுத்துக் கொண்டார், கூலி இல்லை. இளமையில் தாம் கற்ற பாடத்தையே இமாமவர்கள் தம் மாணவருக்கும் ஊட்டினார்கள். மாணவரும் வெட்கப்பட்டு ஒதுங்காமல் மீண்டும் வந்து அமர்ந்தார்கள்.

பதவி இமாமவர்களைத் தேடி வராமல் இல்லை. உமையா ஆட்சியின் இறுதியில் இராக்கின் ஆளுநர் இப்னு ஹுபைரா அளித்த பதவியை மறுத்துச் சவுக்கடி பட்டார்கள். பின்னர் கலீஃபா மன்ஸூர் அளித்த காழிப் பதவியையும் மறுத்துச் சிறை புகுந்தார்கள். ஹிஜ்ரி 150-ல் (கி.பி. 767) பக்தாதில் வஃபாத்தானார்கள். பிற்காலத்தில் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களோ ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியாக விளங்கினார்கள். ஆகவே பதவி ஏற்பதே தவறு என்று யாரும் கொள்ள வேண்டாம். தகுதிக்கு முன் அதன் மீது ஆசை வைப்பதுதான் ஆபத்து.

இன்று நம் உஸ்தாதுமார்களுக்குத் துணிக்கடை இல்லை. குர்ஆன் ஓதிக் கொடுக்கக் கூலி பெறுவதை முற்கால ஹனஃபீ இமாம்கள் அனுமதிக்கவில்லை. பைத்துல்மால் உதவி நின்றுபோன பின், கல்வி அழிந்துவிடக் கூடாதென்று பிற்கால அறிஞர்கள் அனுமதித்தார்கள். எனவே உஸ்தாத் வயிற்றுக் கவலையின்றி கிதாபைப் புரட்டும் அளவுக்குச் சம்பளம் தருவது ஜமாஅத்தின் கடமை. அற்பத் தொகையைக் கொடுத்துவிட்டு இமாமுல் அஃளமின் பேணுதலை அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இளம் ஆலிம்களே! பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் உஸ்தாதுடன் தொடர்பை அறுத்துவிடாதீர்கள். நீங்கள் சொன்ன பதில்களை எழுதி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அந்த ஏட்டை உஸ்தாதின் முன் வையுங்கள். பெற்றோர்களே! மகன் இன்னும் இரண்டாண்டு ஓத வேண்டும் என்று கேட்டால், சம்பாத்தியத்தைக் காட்டி அவனை அவசரப்படுத்தாதீர்கள்.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும், அதைக் கற்றுத் தந்தவர்களை மறவாத உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.