எல்லையூரில் பிறந்த மூதறிஞர்

என் வீட்டில் பேசுவது தெலுங்கு. தெருவில் பாதிப் பேச்சு கன்னடம். நான் படித்தது தமிழ். ஓசூர்ப் பக்கத்தில் இது புதுமையன்று. ஆயினும் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் நண்பன் ஒருவன், நீ தமிழனா தெலுங்கனா என்று கேட்டபோது எனக்கு விடை தோன்றவில்லை. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் ஒரு விடுமுறை நாளில் தொரப்பள்ளிக்குச் சென்று, இன்று நினைவில்லமாக விளங்கும் ராஜாஜி பிறந்த வீட்டைக் கண்டேன்.

1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் அவ்வூர் முனிசீப். அன்று இப்பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது; கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். ஓசூரில் பள்ளிப்படிப்பு, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பட்டம், சென்னையில் சட்டம் என அவர் கல்வி வளர்ந்தது. 1900இல் சேலத்தில் வழக்கறிஞரானார். 1917இல் அந்நகரசபையின் தலைவரானார். அக்காலத்திலேயே அறிவியலைத் தமிழில் கற்பிக்க வேண்டுமென்று கலைச்சொற்கள் ஆக்க முயன்றார்.

இத்தகையவர்தாம் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்து, 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். நாடு ஒன்றாக வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் தமிழகம் கொதித்தெழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர் நீத்தனர். அவர் பதவி விலகிய பின், 1940இல் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. பெரியோர் வரலாறு என்பதற்காக இதை மறைத்து எழுதுவது மாணவனுக்கு அழகன்று.

1948இல் இந்தியர்களுள் முதல்வராகக் கவர்னர் ஜெனரல் பதவி ஏற்றார். நாட்டின் தலைமைப் பீடத்தில் அமர்ந்த அவரே, பின்னாளில் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாவதை வன்மையாக எதிர்த்தார். கட்டாயத்தால் வரும் ஒற்றுமை நிலைக்காது என்பதை அவர் காலம் கடந்தேனும் உணர்ந்தார் என்றே நான் கருதுகிறேன். தமிழில் அவர் எழுதிய இராமாயண நூலான சக்கரவர்த்தித் திருமகன் 1958இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. 1972 டிசம்பர் 25 அன்று மறைந்தார்.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ஓசூர் நம்மோடு நின்றது. எங்கள் உறவினர் பலர் எல்லைக்கு அப்பால் ஆயினர். பின்பு சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிலாளர் குடும்பங்கள் வந்து வாழ்கின்றன. எங்கள் பக்கத்து வீட்டு ஒரியாச் சிறுமி மாலைதோறும் என்னிடம் தமிழ் எழுத்துக் கற்கிறாள். அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பள்ளித் தோழியரோடு பேச வேண்டும் என்பதே அவள் ஆசை.

நண்பனுக்கு இப்போது விடை சொல்லிவிட்டேன். என் தாய் பேசுவது தெலுங்கு, நான் தமிழ்நாட்டுப் பிள்ளை, இரண்டும் என்னுடையவை. நாளை அந்தச் சிறுமியிடம் எவரேனும் இதே கேள்வியைக் கேட்டால், அவளும் தயங்காமல் விடை சொல்ல வேண்டும்.